ஸ்டென்ட்டுக்கு உள்ளே பார்க்க எந்த சி.டி.? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்டியாக் சி.டி. பக்கம் புதிதாக வருகிறவர்கள், டெக்னாலஜிஸ்ட்டாக இருந்தாலும் சரி, ரேடியாலஜி பி.ஜி.யாக இருந்தாலும் சரி, ஒரு மெஷினைப் பற்றி முதலில் கேட்பது ‘இது எத்தனை ஸ்லைஸ்?’ என்றுதான், அதாவது ஒரு சுற்றில் எத்தனை குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும் என்று. ஸ்டென்ட் விஷயத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் மறுபடியும் நெஞ்சுவலி என்று வரும்போது நமக்குத் தெரிய வேண்டியது, அந்த உலோக வலைக்கு உள்ளே ரத்தம் தாராளமாக ஓடுகிறதா, இல்லை உள்ளே திசு வளர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான். அதை எந்த மெஷின் காட்டும், எந்த மெஷின் மறைக்கும் என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டென்ட், அப்புறம்தான் மெஷின்

நோயாளியிடம் ஸ்டென்ட் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்கள். பல ஆஸ்பத்திரிகளில் ஸ்டென்ட் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரையே சம்மரியில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் 3.0 x 28 என்பது போல இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். நமக்கு முதல் எண்தான் உயிர். கார்டியாக் சி.டி.க்கான சர்வதேச சங்கமான எஸ்.சி.சி.டி. தன் 2021 பரிந்துரையிலும் 3 மி.மீ. என்ற எல்லையைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேலே போனால் சி.டி.யில் பார்க்க நியாயம் உண்டு, அதற்குக் கீழே போகப்போக நம்பிக்கை குறையும். 2.25 மி.மீ. ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு சாதாரண 64 ஸ்லைஸ் மெஷினில் பதில் தேடுவது நோயாளிக்குக் கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட்டும் (ரத்தக்குழாயைப் படத்தில் வெள்ளையாகக் காட்ட ஏற்றும் அயோடின் மருந்து) கொடுத்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று எழுதி அனுப்புவதில்தான் பெரும்பாலும் முடியும்.

விட்டத்துக்கு அடுத்தது கம்பியின் தடிமன், அதன் உலோகம். மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளில் முதலில் வந்த சைஃபர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தது, கம்பி 140 மைக்ரான். அதற்குப் பின்னால் வந்த சையன்ஸ் கோபால்ட் குரோமியம், 81 மைக்ரான். ஆர்சிரோவின் சிறிய அளவுகளில் 60 மைக்ரான்தான். கம்பி மெலிய மெலிய சி.டி. படம் தெளிவாகும், அதனால் 2005 வாக்கில் வைத்த ஸ்டென்ட்டும் நேற்று வைத்த ஸ்டென்ட்டும் ஒரே 3 மி.மீ. என்றாலும் திரையில் ஒன்றாகத் தெரியாது. டான்டலம் ஸ்டென்ட் இருந்தால் கேட்கவே வேண்டாம், உள்ளே எதுவும் தெரியாத அளவுக்கு வெளுத்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்ததா, கிளை பிரியும் இடத்தில் இரண்டு ஸ்டென்ட் போட்டிருக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் உலோகம் இரட்டிப்பு.

ப்ளூமிங் என்பது என்ன

ஸ்டென்ட் கம்பி 0.08 மி.மீ. உடம்பைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயைப் பதிவு செய்யும் டிடெக்டரில், சாதாரண சி.டி.யில் ஒரு அலகு 0.5 முதல் 0.625 மி.மீ. வரை. அந்த அலகுக்குள் ஆறில் ஒரு பங்கு இடத்தைக்கூட அடைக்காத கம்பி, அடர்த்தி அதிகம் என்பதால் அலகு முழுவதையுமே வெள்ளையாக்கிவிடுகிறது. இருட்டில் எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் எப்படி அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாக நம் கண்ணில் விரிகிறதோ, அப்படித்தான் கம்பி படத்தில் தடித்துப்போய் உள்ளே இருக்கும் வழியைச் சாப்பிட்டுவிடுகிறது. இதைத்தான் ப்ளூமிங் என்கிறார்கள். இதோடு உலோகம் எக்ஸ்ரேயின் மென்மையான பகுதியை மட்டும் விழுங்கிவிடுவதால் வரும் பீம் ஹார்டனிங்கும் சேர்கிறது, இதயம் அசைவதால் வரும் கலங்கலும் சேர்கிறது. இந்த மூன்றையும் எந்த மெஷின் எப்படிக் குறைக்கிறது என்பதுதான் நம் ஒப்பீடு முழுவதும்.

ஸ்பெக் ஷீட்டை வாசிக்கும் விதம்

கம்பெனிக்காரர் தரும் ஸ்பெக் ஷீட்டில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஸ்லைஸ் எண்ணைத் தாண்டிப் போங்கள். ஏன் என்றால், அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு கணக்கு. 2007-இல் வந்த தோஷிபா அக்விலியன் ஒன் மெஷினில் டிடெக்டர் வரிசை 320, ஆனால் கணக்கீட்டில் 640 ஸ்லைஸ் என்பார்கள். ஜி.ஈ. ரெவல்யூஷனில் 256 வரிசை, 512 ஸ்லைஸ். சீமன்ஸின் முதல் இரட்டை ட்யூப் (இரண்டு எக்ஸ்ரே ட்யூப் உள்ள) மெஷினான டெஃபினிஷன், 64 ஸ்லைஸ் என்று பெயர், வரிசை 32தான், ஒரே வரிசையை இரண்டு இடத்திலிருந்து படம் பிடிப்பதால் எண் இரட்டிக்கிறது. ஸ்லைஸ் கூடினால் ஒரே சுற்றில் அதிக நீளம் கிடைக்கும், ஸ்டென்ட்டுக்கு உள்ளே கூடுதலாக எதுவும் தெரிந்துவிடாது. 320 வரிசை, ஒவ்வொன்றும் 0.5 மி.மீ., மொத்தம் 16 செ.மீ., அதாவது இதயம் முழுவதும் ஒரே துடிப்பில். பல துடிப்புகளில் எடுத்து ஒட்டும்போது விழும் படிக்கட்டு மாதிரி வெட்டு இதில் விழாது, துடிப்பு ஒழுங்காக இல்லாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ப்ளூமிங்குக்கு இதில் மருந்து கிடையாது.

நீங்கள் தேட வேண்டிய முதல் எண் டிடெக்டர் அலகின் அளவு. 3 மி.மீ. ஸ்டென்ட்டின் குறுக்கே 0.5 மி.மீ. அலகுகள் வெறும் ஆறுதான் வரும், அந்த ஆறில் இரண்டு பக்கமும் கம்பி ஒன்றொன்றைத் தின்றுவிட்டால் மிச்சம் நாலு, அந்த நாலை வைத்துக்கொண்டு ஐம்பது சதவீத அடைப்பு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கேனன் நிறுவனத்தின் அக்விலியன் பிரிசிஷன், அமெரிக்க அனுமதி 2018-இல் கிடைத்தது, அதில் அலகு 0.25 மி.மீ. இப்போது பன்னிரண்டு. 2021 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற சீமன்ஸ் நேயோட்டம் ஆல்ஃபா போட்டான் கவுன்டிங் வகை, அதன் அதிநுண் முறையில் 0.2 மி.மீ. ஸ்லைஸ் எடுக்கலாம். பழைய டிடெக்டரில் எக்ஸ்ரே முதலில் ஒளியாக மாறி அப்புறம் மின்சாரமாகும், அலகுகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் வேண்டும், அலகைச் சிறிதாக்கினால் சுவரே இடத்தை அடைத்துக்கொள்ளும். இதில் காட்மியம் டெல்லூரைடு படிகம் எக்ஸ்ரேயை நேரடியாக மின் துடிப்பாக்குகிறது, சுவர் தேவையில்லை, ஒவ்வொரு போட்டானையும் எண்ணும்போதே மின் இரைச்சலையும் கழித்துவிடுகிறது. ஸ்டென்ட் பார்ப்பதில் 64 ஸ்லைஸ் வந்த பிறகு நடந்த உண்மையான பாய்ச்சல் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இரண்டாவது எண் டெம்போரல் ரெசல்யூஷன், அதாவது ஒரு படத்துக்குத் தேவையான தகவலைச் சேர்க்க எவ்வளவு நேரம். ஒரு ட்யூப் மெஷினில் சுழற்சி நேரத்தில் பாதி, இரட்டை ட்யூப் மெஷினில் கால். ஷீட்டில் சுழற்சி நேரம் மட்டும் போட்டிருந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அக்விலியன் ஒன் முதல் பதிப்பில் 0.35 விநாடி சுழற்சி, பாதி 175 மில்லி விநாடி. ரெவல்யூஷன் 0.28, பாதி 140. சீமன்ஸின் டெஃபினிஷன் 0.33, கால் பங்கு 83. அதற்கடுத்த ஃப்ளாஷ் 75, அப்புறம் வந்த ஃபோர்ஸும் நேயோட்டம் ஆல்ஃபாவும் 66. இந்த எண்களுக்கு அர்த்தம் என்ன என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள்: ரத்தக்குழாய் விநாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 175 மில்லி விநாடியில் 1.75 மி.மீ. நகர்ந்துவிடும், 66-இல் 0.66 மி.மீ. மூன்று மி.மீ. ஸ்டென்ட்டில் ஒன்றே முக்கால் கலங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களில் வலது கரோனரிதான் அதிகம் ஆடுவது, அதனால் ஒப்பிடும்போது வலது கரோனரி ஸ்டென்ட் கேஸ்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், அக்விலியன் பிரிசிஷனில் நுணுக்கம் அபாரம், ஆனால் சுழற்சி 0.35 விநாடி, ஒரு சுற்றில் கிடைக்கும் நீளம் 4 செ.மீ.தான். இரட்டை ட்யூப் ஃபோர்ஸ் வேகம், ஆனால் டிடெக்டர் அலகு பழைய அளவு. எதற்கு எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஷீட்டிலேயே படிக்கப் பழகிவிட்டால், விற்பனைப் பேச்சு உங்களை அசைக்காது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

எண்களைப் படித்தால் மட்டும் போதாது, ஒரே ஸ்டென்ட்டை இரண்டு மெஷினிலும் வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம். 2006-இலேயே ஜெர்மனியில் மியூன்ஸ்டர் குழுவினர் 68 வகை ஸ்டென்ட்டுகளை 64 ஸ்லைஸ் மெஷினில் இப்படிக் குழாயில் வைத்துச் சோதித்து வெளியிட்டார்கள். உங்களுக்கு அத்தனை வேண்டாம், நாலைந்து போதும். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் காலாவதியான ஸ்டென்ட்டுகள் கிடக்கும், துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு 2.5, 3.0, 3.5 என்று எடுத்து, 3 மி.மீ. ஸ்டென்ட்டுக்கு உள்விட்டம் 3 மி.மீ. என்பது போல அந்தந்த அளவுக்கு ஏற்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் அதனதன் பலூனால் குறித்த அழுத்தத்தில் விரித்துவிடுங்கள்.

குழாயில் நிரப்புவதற்கு, 350 செறிவுள்ள (மில்லிலிட்டருக்கு 350 மி.கி. அயோடின்) கான்ட்ராஸ்ட்டை சலைனில் சுமார் முப்பது மடங்கு நீர்த்தால் 120 கே.வி.யில் (எக்ஸ்ரே ட்யூப்பின் மின்னழுத்தம்) 300 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் எண்) பக்கம் வரும், இதயத்தில் நாம் பார்க்கும் அளவும் அதுதான். முதலில் கொஞ்சம் கலந்து ஸ்கேன் செய்து பார்த்து, கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். இரண்டு முனையையும் மூடும் முன் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து விரலால் சுண்டிச் சுண்டி காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள், ஸ்டென்ட் கம்பியில் ஒட்டிக்கொண்ட ஒரு குமிழி படத்தில் அப்படியே அடைப்பு மாதிரி கறுப்பாக நிற்கும். அப்புறம் குழாயை சமையல் எண்ணெய் நிரப்பிய டப்பாவில் அமிழ்த்துங்கள், எண்ணெய் மைனஸ் 100 பக்கம் இருப்பதால் இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்குச் சரியான பதிலி. மேசை நகரும் திசைக்கு இணையாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, 45 டிகிரியில் ஒரு முறை என்று வைத்து எடுங்கள், உடம்பில் ரத்தக்குழாய்கள் எல்லாத் திசையிலும்தானே ஓடுகின்றன.

மெஷினுக்கு மெஷின் கே.வி., கதிர்வீச்சு டோஸ் அளவு, படத்தின் பரப்பு, ஸ்லைஸ் தடிமன் இவை எல்லாம் முடிந்தவரை ஒன்றாக இருக்க வேண்டும், இதில் கோட்டை விட்டால் ஒப்பீடே வீண். ஒரு மெஷினில் டோஸ் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு ‘இது சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. படப் பரப்பை மறந்துவிடுபவர்கள் நிறைய. 512 மேட்ரிக்ஸில் (படத்தின் ஒரு பக்கத்தில் 512 பிக்சல்) 250 மி.மீ. பரப்பு என்றால் ஒரு பிக்சல் 0.49 மி.மீ., அதையே 180-ஆகக் குறைத்தால் 0.35. 0.2 மி.மீ. ஸ்லைஸ் எடுக்கும் மெஷினில் 250 மி.மீ. பரப்பும் 512 மேட்ரிக்ஸும் வைத்தால் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை நீங்களே தூக்கி எறிகிறீர்கள், அங்கே 200 மி.மீ. பரப்பில் 1024 மேட்ரிக்ஸ் வையுங்கள், பிக்சல் 0.2-க்கு வந்துவிடும்.

அளப்பது இப்படி. ஸ்டென்ட்டின் உள்ளே தெரியும் வழியின் அகலத்தை அளந்து, உண்மை விட்டத்திலிருந்து கழித்து, உண்மை விட்டத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். உதாரணமாக 3 மி.மீ. ஸ்டென்ட்டில் 1.8 மட்டும் தெரிந்தால், 40 சதவீதம் போலிக் குறுக்கம். ஸ்டென்ட் சுத்தமாக இருக்கும்போதே 40 சதவீதம் மறைகிறது என்றால், நோயாளியின் 50 சதவீத அடைப்பை அந்த மெஷினில் எப்படிப் பிரித்தறிவீர்கள்? கூடவே ஸ்டென்ட்டுக்குள் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண், ஸ்டென்ட் இல்லாத குழாயில் அதே எண், இரண்டையும் எழுதுங்கள். ஒரே கான்ட்ராஸ்ட் என்பதால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், உள்ளே கூடுதலாகக் காட்டினால் கம்பியின் வெள்ளை உள்ளே கசிந்திருக்கிறது, அந்தக் கசிவு உள்ளே வளர்ந்த திசுவை மறைத்துவிடக்கூடியது.

அளப்பவர் ஒருவர், படத்தில் மெஷின் பெயரை மறைத்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷின் என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே தெளிவாகப் பார்க்கும், எனக்கும்தான், எல்லோருக்கும்தான்.

கெர்னலை மறந்துவிட்டு மெஷினைக் குறை சொல்லாதீர்கள்

கெர்னல் என்பது படத்தை மென்மையாகவோ கூர்மையாகவோ உருவாக்கும் கணக்கீட்டு வடிகட்டி. சாதாரண கரோனரி படத்துக்கு மென்மையான கெர்னல் போடுவோம், சீமன்ஸின் பழைய மெஷின்களில் பி26எஃப். ஸ்டென்ட்டுக்கு பி46எஃப் மாதிரி கூர்மையானது வேண்டும். ஒரே மெஷின், ஒரே ஸ்கேன், கெர்னலை மட்டும் மாற்றினால் தெரியும் வழி கண்முன்னே அகலமாவதைப் பார்க்கலாம். பல சென்டர்களில் ‘எங்கள் மெஷினில் ஸ்டென்ட் தெரியாது’ என்று சொல்வதில் பாதி, கூர்மையான கெர்னல் போட்டுப் பார்க்காததால்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கூர்மைக்கு விலை உண்டு. இரைச்சல் கூடும், சில கெர்னல்களில் கம்பியை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு விழும், அது உள்ளே திசு வளர்ந்தது போலவே தோன்றும். அதனால் இரண்டு கெர்னலிலும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சலை அடக்க ஜி.ஈ.யின் ட்ரூஃபிடெலிட்டி, கேனனின் ஏ.ஐ.சி.ஈ. போன்ற டீப் லேர்னிங் முறைகளும், அதற்கு முந்தைய, படத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தும் இடரேட்டிவ் முறைகளும் உதவும். எதை எவ்வளவு போட்டீர்கள் என்று குறித்து வைக்காவிட்டால் பிறகு ஒப்பிட முடியாது.

திரையில் பார்க்கும்போது விண்டோவை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் வரம்பை, அகலமாக்குங்கள், அகலம் 1500, மையம் 300 என்று ஆரம்பிக்கலாம். குறுகிய விண்டோவில் எந்த ஸ்டென்ட்டும் வெள்ளைக் குச்சியாகத்தான் தெரியும். எக்ஸ்ரேயை ஆற்றல் வாரியாகப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரல் வசதி இருந்தால் அதிக கே.ஈ.வி. (எக்ஸ்ரே ஆற்றலின் அலகு) படத்தில் கம்பி மெலியும், ஆனால் அயோடினும் மங்கிவிடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

குழாயிலிருந்து மனிதருக்கு

எண்ணெய் டப்பாவில் இருக்கும் ஸ்டென்ட் அசையாது, மூச்சு விடாது, ரத்தக்குழாய்ச் சுவரில் படிவது போல் சுற்றிலும் சுண்ணாம்பு (கால்சியம்) இல்லை. அதனால் அங்கே முதலிடம் வந்த மெஷின் நோயாளியிடம் முதலிடம் வரும் என்று எழுதிவிடக் கூடாது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லி விநாடி, 90 என்றால் 667தான், அந்தக் குறைவில் பெரும்பகுதி இதயம் ஓய்வாக இருக்கும் நேரத்திலிருந்துதான் போகிறது. ஒரு ட்யூப் மெஷின் வைத்திருப்பவர்கள் மெட்டோபுரோலால் கொடுத்து 60 பக்கம் கொண்டுவருவதில் கறாராக இருக்க வேண்டும், ஆஸ்துமா இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான். நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாயை விரிக்கும், சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை சமீபத்தில் எடுத்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், எடுத்திருந்தால் நைட்ரோ கொடுக்கக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பார்க்காமல் கான்ட்ராஸ்ட் ஏற்றாதீர்கள்.

மருந்து கொடுக்க முடியாதவர், துடிப்பு தாறுமாறாக இருப்பவர், இவர்கள்தான் வேகமான இரட்டை ட்யூப் மெஷினோ ஒரே துடிப்பில் எடுக்கும் அகல டிடெக்டரோ உண்மையில் தேவைப்படுகிறவர்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012 ஜனவரியில் அக்விலியன் ஒன், பிலிப்ஸ் பிரில்லியன்ஸ் ஐசிடி, ஜி.ஈ. டிஸ்கவரி சி.டி.750 எச்.டி., சீமன்ஸ் ஃப்ளாஷ் என்று நாலு மெஷின்களை எடுத்துக்கொண்டு வழிகாட்டுதல் வெளியிட்டபோதும், பழைய மெஷினில் படம் எடுக்கச் சிரமமானவர்கள் என்ற பட்டியலை முன்வைத்துத்தான் கேள்வியே கேட்டார்கள், அந்தப் பட்டியலில் ஸ்டென்ட் வைத்தவர்களும் உண்டு. உங்கள் ஊரில் எந்த மாதிரி நோயாளிகள் அதிகம் வருகிறார்கள் என்று நீங்களும் ஒரு மாதத்துக்குக் குறித்து வையுங்கள், எந்த மெஷினை முதலில் கேட்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொரு பொறி. ஸ்டென்ட்டைத் தாண்டி ரத்தக்குழாய் நன்றாக நிரம்பியிருக்கிறது, அதனால் ஸ்டென்ட் திறந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். முழுக்க அடைத்த ஸ்டென்ட்டுக்குப் பின்னாலும் பக்கத்துக் குழாய்களிலிருந்து ரத்தம் பின்னோக்கி வந்து நிரப்பும். வழியை ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே பார்த்தாக வேண்டும்.

டோஸையும் ஒப்பீட்டில் ஒரு பத்தியாக வையுங்கள். 2009-இல் வெளியான புரொடெக்ஷன் ஒன் ஆய்வில் 50 மையங்களில் நடுத்தர அளவு 12 மில்லி சீவர்ட் என்று வந்தது, மையத்துக்கு மையம் பெரிய வித்தியாசம். இப்போது அதைவிட மிகக் குறைவாகவே எடுக்க முடியும். அதிநுண் முறைகளில் இரைச்சலைச் சமாளிக்க டோஸை ஏற்றும் ஆசை வரும் என்பதால் கண் வைத்திருங்கள்.

ரிப்போர்ட் எழுதும்போது, கரோனரி சி.டி. ரிப்போர்ட்டுக்கான கேட்-ராட்ஸ் 2.0 முறையில், 2022-இல் வந்தது, ஸ்டென்ட் இருந்தால் ‘எஸ்’ (S) என்ற குறி சேர்க்க வேண்டும், படிக்க முடியாத பகுதி இருந்தால் ‘என்’ (N) என்ற குறி. ஒப்பீட்டின் கடைசி அட்டவணையில் இந்த ‘என்’ குறி எத்தனை ஸ்டென்ட்டுக்கு விழுந்தது என்று மெஷின் வாரியாக, விட்டம் வாரியாக எண்ணி எழுதுங்கள், 3.5-இல் எத்தனை, 3.0-இல் எத்தனை, 2.5-இல் எத்தனை. வாங்கும் குழுவில் உட்கார்ந்திருக்கும் கார்டியாலஜிஸ்ட்டுக்கு ஸ்பெக் ஷீட்டைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் புரியும், ‘என்’ குறி விழுந்தவர்களில் எத்தனை பேர் பிறகு கேத் லேபுக்குப் போய் ஆஞ்சியோ செய்துகொண்டார்கள், அங்கே என்ன தெரிந்தது என்பதையும் பக்கத்திலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.